அலகு போடாத 4



ஊர் ஜமாஅத்தார், வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள், பழைய மாணவர்கள் அனைவருக்கும். இது நீளமான பதிவு. முழுவதும் வாசிக்க நேரமில்லாதவர்கள் அடுத்த பந்தியை மட்டுமாவது வாசித்துவிட்டு, வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

கடந்த ரமழானில் முதல் நோன்பிலிருந்து ஏழாவது நோன்பு வரை, நாங்கள் நடத்தும் தொழுகை நேர இணையப் பக்கத்தில் மஃரிப் நேரம் 4 நிமிடம் முந்திக் காட்டியது. பள்ளிவாசல் அதானைக் கேட்டு நோன்பு திறந்தவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. ஸஹர் நேரத்திலும் பிழை இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தை மட்டும் பார்த்து வீட்டில் நோன்பு திறந்தவர்கள், அந்த நோன்புகளைக் கழாச் செய்துவிடுவதே பேணுதல் என்று ஹஸரத் சொன்னார்கள். அப்போதே ஜும்ஆவுக்குப் பிறகு அறிவித்தோம். வீடு வீடாகவும் போனோம். அப்படியிருந்தும் சிலர் விடுபட்டிருப்பார்கள் என்று மனது சொல்கிறது. நோன்புக்காக ஊருக்கு வந்து பெருநாளோடு திரும்பியவர்கள், மேல் பக்கத்தில் வாடகைக்கு இருந்தவர்கள், எங்கள் பக்கத்தின் முகவரியை யாரோ அனுப்பி எடுத்துக்கொண்டவர்கள். ஷஃபான் நெருங்குகிறது. கழா நோன்பை அடுத்த ரமழானுக்கு முன் பிடிக்க வேண்டும் என்பதால்தான் இன்று இதை எழுதுகிறோம்.

இனி, நடந்தது என்ன என்பது. "கம்பியூட்டர் பிழை விட்டுட்டாமே சேர்" என்று இன்றைக்கும் கடைத்தெருவில் கேட்கிறார்கள். கம்பியூட்டர் பிழை விடவில்லை. நாங்கள் எழுதிக் கொடுத்ததை அது அப்படியே செய்தது. பிழை விட்டது நாங்கள்.

நாங்கள் என்றால் மூன்று பேர். இரண்டு பேர் ஆசிரியர்கள், ஒருவர் எங்களிடம் படித்து இப்போது மென்பொருள் வேலை செய்யும் தம்பி. மூவரில் யார் அந்த வரியை எழுதியது என்று பலர் கேட்டார்கள். அதைச் சொல்லமாட்டோம். ஒருவர் எழுதினார், மற்ற இருவரும் பார்த்துச் சரி என்றோம். ஆகவே மூவரும் எழுதியதுதான்.

இந்தப் பக்கம் ஒரு பாடமாகத்தான் தொடங்கியது. சா.த. வகுப்புப் பிள்ளைகளுக்குத் திரிகோண கணிதம் எதற்கு என்று காட்ட, சூரியன் மறையும் நேரத்தைக் கணக்கிட்டுக் காட்டினோம். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். மாத்தளை ஏறத்தாழ கிழக்கு நெடுங்கோடு 80.6 பாகையில் இருக்கிறது. நம் நாட்டு மணிக்கூடு ஓடுவதோ 82.5 பாகைக் கணக்கில். ஆகவே சூரியன் நம் தலைக்கு மேல் வருவது சராசரியாக மணிக்கூட்டின் 12 மணிக்கு ஏழரை நிமிடம் பிந்தித்தான். மேற்கே புத்தளத்தில் அதைவிடப் பிந்தும், கிழக்கே பொத்துவிலில் முந்தும். இதைக் கேட்டுப் பிள்ளைகளின் கண்கள் விரிந்ததைப் பார்த்து எங்களுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. கணக்கை ஒரு இணையப் பக்கமாக்கினோம். பள்ளிவாசல் நிர்வாகமும் நல்லதென்றார்கள். இரண்டு வருடத்தில் ஊரில் பாதிப் பேர் ஃபோனில் அதுதான்.

கணக்கு சொல்லும் மறைவு நேரம் ஒன்று. பள்ளியில் அதான் சொல்லும் நேரம் இன்னொன்று. அந்தக் கணக்கு, கடல் மட்டத்தில் தடையில்லாத அடிவானத்தைப் பார்த்து நிற்பவருக்கானது. நம் ஊர் அப்படியா? ஒரு பக்கம் மலை சூரியனை முன்கூட்டியே மறைத்துவிடும். வெளிச்சம் குறைந்துவிட்டது என்று பார்த்தால் சூரியன் இன்னும் மறைந்திருக்காது. இன்னொரு பக்கம், உயரத்தில் மேற்கு நோக்கித் திறந்த வெளியாக இருக்கும் வீட்டுக்கு சூரியன் பிந்தித்தான் மறையும். 500 மீற்றர் உயரத்தில் நின்று தடையில்லாத அடிவானத்தைப் பார்ப்பவருக்கு இரண்டரை நிமிடத்துக்கும் சற்று அதிகமாகவே பிந்தும். ஜம்இய்யத்துல் உலமாவின் நேரசூசியில் மாத்தளை, கண்டி, நுவரெலியா மூன்று மாவட்டங்களும் ஒரே வலயம். தம்புள்ளையின் சமவெளியும் நுவரெலியாவின் குளிரும் ஒரே தாளில். பேணுதலாக சில நிமிடங்கள் சேர்க்க வேண்டும் என்பது இதனால் யாருக்கும் விளங்கும். எங்கள் கணக்கோடு 4 நிமிடம் கூட்டினால் பள்ளிவாசல் அதானோடு சரியாக ஒத்துப்போனது. அந்த 4ஐத்தான் நாங்கள் பக்கத்தில் சேர்த்தோம்.

இங்கேதான் விசயம் இருக்கிறது. அந்த 4ஐ எங்கே எழுதுவது?

கஞ்சி காய்ச்சும் நானாவை எல்லோருக்கும் தெரியும். கஞ்சி காய்ச்சும் முறை அவருடைய கையில் இருக்கிறது, மாறாது. ஆனால் அன்றைக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை தேங்காய், இறைச்சியா கோழியா என்பது தினமும் மாறும். அதை நிர்வாகத்தில் ஒருவர் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார். நானா தாளைப் பார்த்து அளவை எடுப்பார், முறையைத் தன் கையில் இருந்து எடுப்பார். அளவு மாறுகிறது என்பதற்காக யாரும் நானாவுக்குப் புதிதாகச் சமையல் படிப்பிப்பதில்லை.

மென்பொருளும் அப்படித்தான் இருக்க வேண்டும். செய்யும் முறை நிரலில். மாறக்கூடிய அளவுகள் நிரலுக்கு வெளியே, தனித் தாளில். இதைச் செய்யாமல் எல்லாவற்றையும் நிரலுக்குள்ளேயே புதைத்தால் என்ன ஆகும் என்று நம்மூர்க் கடைக்காரர்களுக்குத் தெரியும். வற் வரி 8 வீதத்தில் இருந்து 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று மாறியது. பில் போடும் மென்பொருளில் வரி வீதம் தனி செட்டிங்காக இருந்த கடையில் ஒரு இலக்கத்தை மாற்றினார்கள், முடிந்தது. நிரலுக்குள் பத்து இடத்தில் எழுதி வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஆளைக் கூப்பிட வேண்டும். அவர் ஒன்பது இடத்தை மாற்றி ஒன்றை மறந்துவிட்டும் போவார்.

நேரமே மாறிய நாடு நம்முடையது. எங்கள் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1996 மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு. 2006 ஏப்ரலில் இன்னும் அரை மணித்தியாலம் பின்னுக்கு வந்து பழைய நேரத்துக்கே சேர்ந்தோம். அந்தப் பத்து வருடமும் வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே ஓடியது. "புது நேரமா பழைய நேரமா" என்று கேட்காமல் யாரும் கலியாணத்துக்குக் கூடப் போகவில்லை. சூரியன் தன்பாட்டில் ஒரே மாதிரித்தான் உதித்து மறைந்தது. மாறியது மனிதன் வைத்த செட்டிங் மட்டும்.

எங்கள் பக்கம் ஜாவா மொழியில், ஸ்பிரிங் பூட் என்ற சட்டகத்தில் எழுதப்பட்டது. ரொட் ஜோன்சன் என்பவர் தொடக்கிய ஸ்பிரிங் சட்டகத்தின் முதற் பதிப்பு 2004இல் வந்தது. அதை இலகுவாகப் பாவிக்க வைக்கும் ஸ்பிரிங் பூட் 2014இல் வந்தது. இதில் நல்ல ஒரு வசதி இருக்கிறது. வெளியே இருக்கும் அளவுத் தாளை அதுவே வாசித்து, நிரலுக்குள் இருக்கும் ஒரு பொருளில் நிரப்பித் தரும். பாடசாலை அனுமதிப் படிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் என்று ஒரு கட்டம், பிறந்த திகதி என்று ஒரு கட்டம். பெற்றார் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்து அலுவலகத்தில் படிவத்தை நிரப்புவார்கள். பிறந்த திகதிக் கட்டத்துக்குள் ஊர்ப் பெயரை எழுத விடமாட்டார்கள். அதேபோல நாங்கள் நிரலில் "மஃரிப் பேணுதல்", "ஸஹர் பேணுதல்", "கஞ்சி நேரம்" என்று கட்டங்களை வரைந்து வைப்போம். எந்தக் கட்டத்தில் எண் வரும், எதில் சொல் வரும், எதில் கால அளவு வரும் என்றும் சொல்லிவைப்போம். சட்டகம் துண்டைப் பார்த்து நிரப்பும்.

உதவியான அலுவலர்தான் அது. பெயரைக் கோடு போட்டுப் பிரித்து எழுதினாலும், சேர்த்து எழுதினாலும், சேர்வரில் பெரிய எழுத்தில் எழுதினாலும் இன்ன கட்டத்துக்குரியது என்று புரிந்துகொள்ளும். வீட்டு மடிக்கணினியில் ஒரு அளவு, சேர்வரில் ஒரு அளவு என்று வைத்தாலும் எது முந்தியது என்று ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறது. ஆனால் அளவுக்கு மீறி உதவும் அலுவலரிடம் ஒரு ஆபத்து இருக்கிறது. நாம் எழுதாமல் விட்டதை அவர் கேட்கமாட்டார், தானே ஊகித்து நிரப்பிவிடுவார்.

முதல் வருடம் அந்தக் கட்டத்துக்கு "பேணுதல் நிமிடம்" என்று பெயர் வைத்திருந்தோம். அதில் வெறும் எண்தான் வரும். துண்டில் 4 என்று எழுதியிருந்தோம். பெயரிலேயே நிமிடம் இருந்ததால் குழப்பம் இல்லை. கடந்த ரமழானுக்கு ஒரு கிழமைக்கு முன், நோன்பு விடுமுறை தொடங்கும் சமயம், நிரலைத் துப்புரவு செய்தோம். எண் என்று இருந்த கட்டத்தைக் "கால அளவு" என்று மாற்றினோம். அதுதான் முறையான வழி. கால அளவுக் கட்டத்தில் 4 நிமிடம், 30 வினாடி, 2 மணித்தியாலம் என்று எதையும் அலகோடு எழுதலாம். பெயரில் இருந்த "நிமிடம்" இனித் தேவையில்லை என்று அதையும் வெட்டினோம். ஸஹருக்கான கட்டத்தைப் புதிதாகச் சேர்த்தோம். அதைப் புது முறைப்படி அலகோடு எழுதினோம். மஃரிபுக்கான பழைய வரி மட்டும் அப்படியே இருந்தது. பெயரைத் திருத்தினோம். 4 என்பதைத் திருத்தவில்லை.

அலகு இல்லாத கால அளவைக் கண்டால் ஸ்பிரிங் பூட் என்ன செய்யும் தெரியுமா? மில்லிசெக்கன் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இது மறைவான விசயம் இல்லை, அதன் கைந்நூலில் தெளிவாக எழுதியிருக்கிறது. சேர்வர் வேலைகளில் காத்திருக்கும் நேரங்களை மில்லிசெக்கனில் எண்ணுவது வழக்கம் என்பதால் அந்த ஊகம் அவர்களுக்குப் பொருத்தமானது. எங்களுக்குப் பொருந்தவில்லை. சூரியன் மறைந்து 4 நிமிடம் கழித்து வரவேண்டிய மஃரிப், எங்கள் பக்கத்தில் 4 மில்லிசெக்கன் கழித்து வந்தது. திரையில் மணியும் நிமிடமும் மட்டும்தான் தெரியும். ஆகவே கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

பரீட்சித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தோம். பரீட்சை எல்லாம் சித்தி. ஏனென்றால் பரீட்சையில் நாங்கள் நிரலுக்குள்ளேயே "4 நிமிடம்" என்று அலகோடு எழுதிக் கொடுத்துத்தான் கணக்கைப் பார்த்தோம். சுவரில் ஒட்டியிருந்த தாளை யாரும் வாசித்துப் பார்க்கவில்லை.

சிரிப்பான விசயம் ஒன்று. அதே துப்புரவில் இன்னொரு பிழையும் விட்டிருந்தோம். கஞ்சி கொடுக்கும் நேரம் 16:30 என்று எழுதியிருந்தோம். அந்தத் துண்டு யமல் என்ற வடிவத்தில் இருந்தது. அதன் பழைய விதிப்படி, மேற்கோள் குறிக்குள் போடாமல் இரண்டு எண்களுக்கு நடுவே முக்காற்புள்ளி வந்தால் அதை அறுபதின் கணக்காக எடுத்துக்கொள்ளும். 16ஐ 60ஆல் பெருக்கி 30ஐக் கூட்டினால் 990. முதல் நோன்பன்று பக்கத்தில் "கஞ்சி: 990" என்று வந்தது. அரை மணித்தியாலத்துக்குள் இருபது பேர் அழைத்தார்கள். "சேர், கஞ்சி 990 ரூவாவா?" என்று ஒருவர். "990 பேருக்குத்தான் ஈக்கா?" என்று இன்னொருவர். சிரித்துக்கொண்டே திருத்தினோம். திருத்திய சந்தோசத்தில், மேலே இரண்டு வரி தள்ளி இருந்த 4ஐப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து இதைப் பல தடவை யோசித்துவிட்டோம். 990 எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. சத்தம் போட்ட பிழை அது. பார்த்த உடனே எல்லோருக்கும் பிழை என்று தெரிந்தது. மஃரிப் 6 மணி 24க்குப் பதிலாக 6 மணி 20 என்று காட்டினால் யாருக்குத் தெரியும்? அது சரியான விடை மாதிரியே உட்கார்ந்திருந்தது.

ஏழாவது நாள் தெரியவந்த விதத்தைச் சொல்ல வேண்டும். மேல் பாதையில், ஏற்றம் முடியும் இடத்தில் ஒரு மூத்தும்மா தனியாக இருக்கிறார்கள். காது சரியாகக் கேளாது. அதான் சத்தம் அந்த வீட்டுக்குப் போகும், அவர்களுக்குக் கேட்காது. முன்னர் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சைகை காட்டிவிட்டுப் போகும். எங்கள் பக்கம் வந்த பிறகு, பேரன் ஃபோனில் அதைப் போட்டுக் கொடுத்து, நேரம் வந்ததும் திரை பச்சை நிறமாகும் என்று காட்டிக் கொடுத்திருக்கிறார். யாரையும் எதிர்பார்க்கத் தேவையில்லை என்று அவர்களுக்குப் பெரிய சந்தோசம். எங்களைக் கண்டால் துஆச் செய்வார்கள்.

ஏழாவது நோன்பன்று பேரன் கலேவெலயில் இருந்து வந்திருக்கிறார். திரை பச்சையானது. மூத்தும்மா பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீரும் குடித்துவிட்டார்கள். பேரன் கையில் பழத்தோடு அதானுக்காகக் காத்திருக்கிறார். அதான் வரவில்லை. ஜன்னலால் பார்த்தால் மேற்கே மலை விளிம்பில் இன்னும் வெளிச்சம். பிறகுதான் அதான் வந்தது. அவர் அந்த இரவே எங்களுக்கு அழைத்தார். கோபப்படவில்லை. "சேர், ஒருக்கா பாருங்க, எங்கயோ பிசகு ஈக்கி போல" என்றார்.

தராவீஹ் முடிந்து மூவரும் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தோம். கணக்கைப் பார்த்தோம், சரி. நெடுங்கோட்டைப் பார்த்தோம், சரி. நேர வலயத்தைப் பார்த்தோம், சரி. இரவு 12 மணிக்குப் பிறகுதான் துண்டைத் திறந்தோம். ஸஹர் வரியில் எண்ணுக்குப் பக்கத்தில் நிமிடத்துக்கான எழுத்து. மஃரிப் வரியில் வெறும் 4. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

எங்களில் ஒருவர் கணித ஆசிரியர். நீளம் 12 என்று மட்டும் எழுதும் பிள்ளைக்கு, "12 என்ன? சென்றிமீற்றரா, மாங்காயா?" என்று கேட்டுப் புள்ளி வெட்டுபவர். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கும் அதையே சொல்லித்தான் அனுப்பினார்கள். பாடக் குறிப்பில் அலகு விட்டால் விரிவுரையாளர் சிவப்பால் வட்டம் போட்டுத் திருப்பித் தருவார். வருடத்துக்கு எத்தனை பிள்ளைகளுக்கு இதற்காகப் புள்ளி வெட்டியிருப்போம்? அந்தப் பிள்ளைகளின் முகம் எல்லாம் அன்றிரவு வந்தது.

பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கிரகத்துக்கு நாசா அனுப்பிய விண்கலம் ஒன்று அழிந்தது. உந்துவிசைக் கணக்கை ஒரு தரப்பு இறாத்தல் அலகில் கொடுக்க, மறு தரப்பு நியூட்டன் அலகென்று எடுத்துக்கொண்டது. எண் இருந்தது, அலகு இடையில் தொலைந்தது. இதை வகுப்பில் கதையாகச் சொல்லியும் இருக்கிறோம். சொன்னவர்களே விழுந்தோம்.

திருத்த எடுத்தது ஒரு எழுத்து. ஒரே ஒரு எழுத்து. ஆனால் திருத்திவிட்டுப் படுக்க முடியவில்லை. ஏழு நாள் போய்விட்டது. சுபஹுக்குப் பிறகு ஹஸரத்திடம் போனோம். சட்டகம், மில்லிசெக்கன் எல்லாம் சொல்லத் தொடங்கினோம். கையைக் காட்டி நிறுத்தி, மூன்று கேள்வி மட்டும் கேட்டார்கள். எத்தனை நாள்? எத்தனை நிமிடம்? யார் யார்? முதல் இரண்டுக்கும் விடை இருந்தது. மூன்றாவதுக்கு இல்லை. பக்கத்தைப் பார்த்தவர்களின் பெயரை நாங்கள் சேமிப்பதில்லை.

"நம்பிப் பார்த்தவங்களுக்குக் குற்றம் இல்ல. சூரியன் மறஞ்சதா இல்லையா என்ட சந்தேகத்தில நோன்ப வெச்சிக்கொண்டு இருக்க வேணாம். கழாச் செய்யச் சொல்லுங்க, அது பேணுதல்" என்றார்கள். பிறகு, "நான் ஜும்ஆவில சொல்றன். ஆனா வீடுகளுக்கு நீங்கதான் போகணும். நீங்க பிழை விட்டதென்டு உங்கட வாயால சொல்லணும்" என்றார்கள்.

போனோம். ஆசிரியர்களுக்கு இது இலகுவான வேலை இல்லை. ஊரில் எங்களைப் பார்த்தால் எழுந்து நிற்கும் பிள்ளைகளின் வாசலில் நின்று, நாங்கள் கவனமில்லாமல் இருந்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும். சில வீட்டில் பேசாமல் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வீட்டில் வாப்பா ஒருவர் நன்றாக ஏசினார். நீரிழிவோடு கஷ்டப்பட்டு நோன்பு பிடிப்பவர். ஏசுவதற்கு அவருக்கு உரிமை இருந்தது, கேட்டுக்கொண்டு நின்றோம். சிலர், "நாலு நிமிசம் தானே சேர், விடுங்க" என்றார்கள். அப்படிச் சொன்னது ஏசியதைவிடக் கனமாக இருந்தது.

கடைசியாக அந்த மூத்தும்மா வீடு. சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு தடவை சொன்னோம். விளங்கியதும் கொஞ்ச நேரம் ஃபோனையே பார்த்தார்கள்.

"இது பொய் சென்னதா?"

"இல்ல மூத்தும்மா. நாங்க எழுதினது பிழை."

"ஏழு நோம்பு தானே மகன். அல்லாஹ் ஆயுச தந்தா புடிச்சிட்டுப் போறன். நீங்க வந்து சென்னீங்களே, அது பெரிசு" என்றார்கள். பிறகு, "இனி இந்தப் பச்சைய நம்பலாமா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் உடனே விடை இருக்கவில்லை.

ஷவ்வாலில் ஆறு நோன்போடு அந்த ஏழையும் பிடித்து முடித்துவிட்டார்கள். பச்சையைப் பார்த்து அல்ல. முன்போலப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சைகை காட்டியது.

அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் பக்கத்தில் சில விசயங்களை மாற்றியிருக்கிறோம். தொழில்நுட்பம் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

முதலாவது, துண்டில் எந்த அளவும் அலகு இல்லாமல் இருக்கக்கூடாது. அலகு இல்லாமல் யாராவது எழுதிவிட்டாலும் நிமிடம் என்றே எடுக்கும்படி கட்டத்திலேயே குறித்திருக்கிறோம்.

இரண்டாவது, ஒவ்வொரு கட்டத்துக்கும் எல்லை போட்டிருக்கிறோம். மஃரிப் பேணுதல் 1 நிமிடத்துக்குக் குறையவோ 10 நிமிடத்துக்குக் கூடவோ கூடாது. வெறுமையாகவும் இருக்கக்கூடாது. மீறினால் பக்கம் தொடங்கவே தொடங்காது, இன்ன கட்டத்தில் இன்ன பிழை என்று சொல்லி நின்றுவிடும். ஸ்பிரிங் பூட்டில் இந்த வசதி முன்பிருந்தே இருக்கிறது. நாங்கள் பாவிக்கவில்லை. பிழையான நேரம் காட்டும் பக்கத்தைவிட, திறக்காத பக்கம் நல்லது. திறக்காவிட்டால் மக்கள் அதானைக் கேட்பார்கள்.

மூன்றாவது, துண்டில் ஒரு பெயரை எழுத்துப் பிழையோடு எழுதினால், அப்படியொரு கட்டம் இல்லை என்று சட்டகம் சாதாரணமாகச் சொல்லாது, அந்த வரியைப் பேசாமல் விட்டுவிடும். அதையும் பிழையாகக் காட்டும்படி மாற்றிவிட்டோம்.

நான்காவது, பரீட்சை இப்போது உண்மையான துண்டை வாசித்து, உண்மையான மஃரிப் நேரத்தைக் கணக்கிட்டு, பள்ளியில் ஒட்டியிருக்கும் நேரசூசியோடு ஒப்பிடுகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் புதுப் பதிப்பு சேர்வருக்குப் போகாது.

ஐந்தாவது தொழில்நுட்பம் இல்லை. முதல் நோன்பன்று மஃரிபுக்கு எங்களில் ஒருவர் பள்ளிவாசலில் ஃபோனோடு நிற்பார், ஒருவர் மேல் பாதையில் நிற்பார். அதானும் பச்சையும் ஒன்றாக வருகிறதா என்று கண்ணால் பார்ப்போம். பார்த்த பிறகுதான் பக்கத்தில் "இன்று சரிபார்க்கப்பட்டது" என்று திகதி வரும். அந்தத் திகதியைக் காணாவிட்டால் பக்கத்தை நம்பாதீர்கள்.

மூத்தும்மா கேட்ட கேள்விக்கு எங்கள் விடை இவ்வளவுதான்: பச்சையை மட்டும் நம்ப வேண்டாம். அது உதவிக்கு இருப்பது. அதானோடும் நேரசூசியோடும் வித்தியாசம் கண்டால் பள்ளிவாசலைப் பின்பற்றுங்கள், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். "சேர்மார் செய்தது பிழையா இருக்குமா" என்று கூச்சப்பட வேண்டாம். ஏழு நாளில் வேறு யாருக்காவது சந்தேகம் வந்து, சேர்மாரிடம் எப்படிக் கேட்பது என்று பேசாமல் இருந்தார்களோ தெரியாது. அப்படி யாரும் இருந்திருந்தால், அதுவும் எங்கள் மேல் உள்ள குறைதான்.

மீண்டும் முதல் பந்திக்கு வருகிறோம். கடந்த ரமழானின் முதல் ஏழு நோன்புகளில் எதையாவது எங்கள் பக்கத்தைப் பார்த்துத் திறந்தவர்கள், இன்னும் கழாச் செய்யாதிருந்தால், அடுத்த ரமழானுக்கு முன் செய்துவிடுங்கள். முதுமை, நோய், கர்ப்பம் போன்ற காரணத்தால் முடியாதவர்கள் ஹஸரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் பிள்ளைகள், அந்தக் கிழமை ஊரில் இருந்திருந்தால் உங்களுக்கும்தான் இது. கழாப் பிடிக்கும் நாளில் எங்களுக்குச் சொன்னால், ஊரில் இருப்பவர்களுக்கு நோன்பு திறக்கக் கஞ்சி வீட்டுக்கு வரும். கஞ்சி நானா சரி என்றுவிட்டார்.

எங்கள் கவனக்குறைவால் உங்கள் வணக்கத்தில் ஏற்பட்ட குறைக்காக மூவரும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். அல்லாஹ் உங்கள் நோன்புகளை ஏற்றுக்கொள்வானாக. எங்களைப் பொருந்திக்கொள்வானாக.

இந்தப் பதிவைப் பகிர்ந்து, விடுபட்டவர்களின் கையில் சேர்த்துவிடுங்கள்.